நெஞ்சுப்பட்டைக்கு இரண்டு ஹூக்

அந்தப் பட்டையைத் தைத்தது நான்தான். வேறு யார் மேலாவது பழியைப் போடலாம் என்று மனம் கிளம்பும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்து வாயை அடைத்துவிடும்.

என் வீட்டுக்காரர் ஓடப் போகும்போது நெஞ்சைச் சுற்றி ஓர் எலாஸ்டிக் பட்டையைக் கட்டிக்கொள்வார். அதன் நடுவில் இருக்கும் சின்னக் கருவி, இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதை மணிக்கட்டில் இருக்கும் வாட்சுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டையும் கூட வேலை செய்கிறவர் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கி வந்திருந்தார். எலாஸ்டிக் துவண்டுபோய், கொஞ்ச தூரம் ஓடினாலே பட்டை வயிற்றுக்கு இறங்கிவிடும். நான் தையல்காரி. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். தளர்ந்த எலாஸ்டிக்கை வெட்டிப் போட்டுவிட்டு, நேரு வீதியில் நல்லதாகப் பார்த்து வாங்கி வைத்துத் தைத்தேன். நானும் அதே பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததால் ஹூக் இரண்டு வைத்தேன். ஓரத்தில் இருப்பது அவருக்கு. நாலு விரல் உள்ளே தள்ளி இருப்பது எனக்கு. அவர் நெஞ்சளவு வேறு, என் நெஞ்சளவு வேறு என்பதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அவர் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜ். கம்பெனியில் ஒரு முறை ஓட்டம் வைத்து, ஓடியவர்களுக்கெல்லாம் பனியன் கொடுத்தார்கள். அந்தப் பனியனோடு வீட்டுக்கு வந்த பைத்தியம் பிறகு போகவேயில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு பாதி டாக்டராகவே ஆகிவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் ஜோன், எழுந்தால் ஜோன். ஜோன் என்றால் வேறொன்றுமில்லை. இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்பதை ஐந்து படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வாட்சில் ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறம் உண்டு. சாம்பல், நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு. நீண்ட தூரம் ஓட ஆசைப்படுகிறவர்கள் வாரத்தின் பெரும்பாலான நாட்கள் நீலத்திலேயே, அதாவது இரண்டாவது ஜோனிலேயே, மெதுவாக ஓட வேண்டுமாம். ஒன்றிரண்டு நாள் மட்டும் மூச்சு வாங்க ஓடலாமாம். மெதுவாக ஓடி ஓடித்தான் வேகம் வருமாம். கேட்டபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு யோசித்தால் சரியென்றுதான் பட்டது. அவசர ஜாக்கெட் எப்போதாவது ஒன்றிரண்டு தைக்கலாம். தினமும் அவசர ஜாக்கெட் தைத்தால் முதுகு போய்விடும்.

நீலம் எங்கே முடிகிறது என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. இருநூற்றிருபதிலிருந்து வயதைக் கழித்தால் ஒருவருடைய இதயம் அதிகபட்சம் எவ்வளவு துடிக்கும் என்பது வந்துவிடுமாம். அதில் நூற்றுக்கு எழுபது பங்கு எடுத்தால் நீலத்தின் மேல் எல்லை. அவருக்கு அது நூற்றிருபது. வாட்சில் தன் வயதைப் போட்டு, ஆண் என்று போட்டு, நூற்றிருபதைத் தாண்டினால் கீச்கீச்சென்று கத்தும்படி வைத்திருந்தார்.

போன ஆடியில் எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். நாளெல்லாம் மிஷினில் உட்கார்ந்திருப்பவளுக்கு வராமல் என்ன செய்யும். நடக்கச் சொன்னார். "நடக்கிறது இன்னா, ஓடலாம் வா" என்று இவர் என்னைப் பீச் ரோட்டுக்கு அழைத்துப் போனார். அவரிடம் அப்போது இருந்தது அன்புதான். அதை நான் மறைக்க மாட்டேன். எனக்கு ஷூ வாங்கிக் கொடுத்தார், லேஸ் கட்டக்கூடக் குனிந்தார்.

பீச் ரோட்டில் விடிகாலையில் வண்டி விடமாட்டார்கள். காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஓடுகிற குரூப் ஒன்று கூடும். ஆண்கள், பெண்கள், ஆஸ்பத்திரி நர்ஸ், பேங்க்காரர், மீன் வியாபாரம் செய்கிற ஒருவர் என்று எல்லாவிதமும் இருந்தார்கள். முதல் நாள் அவர் வாட்சையும் பட்டையையும் எனக்குக் கட்டிவிட்டுக் கூடவே ஓடி வந்தார். நான் பேச்சுக்காரி. மிஷின் ஓடினாலும் வாய் ஓடும், அடுப்படியில் நின்றாலும் வாய் ஓடும். அன்றைக்கு ஓடும்போதும் அது பாட்டுக்கு ஓடியது. எங்கள் மாடி வீட்டுத் தண்ணீர் டேங்க் ஒழுகிச் சுவரெல்லாம் ஊறிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவர்களிடம் எப்படிப் பக்குவமாகக் கேட்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் வாட்ச் கத்த ஆரம்பித்தது. அவர் என் கையைத் தூக்கிப் பார்த்தார். நூற்று நாற்பத்தெட்டு. மனிதர் முகம் வெளுத்துவிட்டது.

"நில்லு, நில்லு. தல சுத்துதா?"

"இல்லியே."

"நெஞ்சு எதனா பண்ணுதா?"

"ஒண்ணும் பண்ணல. அந்த டேங்க்கு விஷயம் இன்னான்னா..."

"பேசாத. பேசினா இன்னும் ஏறும். பேசாம வா."

கடல் பக்கத்துச் சுவரில் என்னை உட்கார வைத்தார். எனக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தவுடன் எனக்கும் பயம் வந்துவிட்டது. என் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். மில்லிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் சாய்ந்தவர், அவ்வளவுதான். அந்த இதயம்தான் எனக்கும் வந்திருக்கிறது என்று அந்தச் சுவரில் உட்கார்ந்தபடியே முடிவு செய்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்தோம். நன்றாக இருக்கிறது, தாராளமாக ஓடலாம் என்றார்கள். இவருக்கு மனசு ஆறவில்லை. "படுக்க வச்சி எடுத்தா எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். அதிலிருந்து எனக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். நூற்றிருபதைத் தாண்டக் கூடாது, பேசக் கூடாது.

நூற்றிருபதுக்குள் இருக்க வேண்டுமென்றால் நான் நடக்கத்தான் முடிந்தது. அதுவும் பெண் அழைப்பு ஊர்வலத்தில் மணப்பெண் நடக்கிற நடை. கொஞ்சம் காலை வீசினால் கீச்கீச். காலில் ஓடுகிற ஷூ, மேலே குரூப் பனியன், கையில் வாட்ச், இவ்வளவு வேஷமும் கட்டிக்கொண்டு நான் அசைந்து அசைந்து போவேன். புடவை கட்டிய அம்மாக்கள் பூ வைத்துக்கொண்டு, செருப்பு டப்டப்பென்று அடிக்க என்னைத் தாண்டிப் போவார்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் கைத்தடி ஊன்றிக்கொண்டு வருவார். அவரும் தாண்டிப் போவார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து "குராழ், குராழ்" என்பார். தைரியமாக இரு என்று அர்த்தமாம். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். எனக்குத்தான் கடலில் போய் விழுந்துவிடலாமா என்றிருக்கும்.

வாடிக்கைக்காரி ஒருத்தி ஒரு நாள் எதிரில் வந்துவிட்டாள். அவள் மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஜாக்கெட் தர வேண்டிய நாள் தாண்டியிருந்தது. "ஏம்மா, ஷூ எல்லாம் மாட்டிக்கிட்டு நடந்துதான் போவியா? ஜாக்கெட்டும் இப்படித்தான் தெக்கிறியா?" என்று எல்லோரும் கேட்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த மாதிரிச் சிரிப்பு வாயில் மட்டும்தான் இருக்கும்.

ஆனால் அதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. குரூப்புக்கு ஒரு வாட்ஸ்அப் உண்டு. ஓடி முடித்து எல்லோரும் அதில் வாட்ச் காட்டியதைப் படமெடுத்துப் போடுவார்கள். இவர் ஒரு நாள் என்னுடைய முதல் நாள் ஓட்டத்தின் படத்தைப் போட்டுவிட்டார். மேடு ஏறுகிற மாதிரி ஒரு கோடு, முழுக்க ஆரஞ்சும் சிவப்பும். கீழே, என் மனைவி லேசாக ஓடினாலே இப்படி ஆகிறது, ஆலோசனை தேவை என்று எழுதியிருந்தார். அன்று முழுக்க ஆலோசனை வந்துகொண்டே இருந்தது. மருதம்பட்டைக் கஷாயம். பேரீச்சம்பழம். தைராய்டு பாருங்கள். இரத்தம் கம்மியோ என்னமோ. ஒருவர் எதுவும் எழுதாமல் இரண்டு கை கூப்பிய பொம்மையைப் போட்டிருந்தார், நான் போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி. மறுநாள் பீச் ரோட்டில் ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பார்த்தார்கள். என் உடம்புக்குள் நடப்பதை ஊருக்கே விரித்துப் போட்டுவிட்டாரே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேசினால் ஏறும் அல்லவா.

கோபம் வந்தது இன்னொன்றில். அவரும் அதே வாட்சைக் கட்டிக்கொண்டுதான் ஓடினார். அவருக்கும் நீலம் தாண்டி, பச்சை தாண்டி, ஆரஞ்சு வரும். கேட்டால், "புழுக்கம்" என்பார். இன்னொரு நாள், "காபி குடிச்சிட்டு வந்துட்டேன்." இன்னொரு நாள், "நைட் ஷிப்ட்டு, தூக்கமில்ல." தனக்கு மட்டும் வாட்ச் கத்தாமல் சத்தத்தை அணைத்துக்கொள்வார். "நான் ஓடி ஓடிப் பழகினவன், என் உடம்பு எனக்குத் தெரியும்" என்பார். அவருக்கு ஆரஞ்சு வந்தால் புழுக்கம். எனக்கு ஆரஞ்சு வந்தால் இதய நோய். முதலில் அவர் ஓடி முடித்து, நனைந்த பட்டையைக் கழற்றி என்னிடம் தருவார். அவர் வேர்வை ஈரத்தோடு அதை வாங்கி, பனியனுக்குள் கையை விட்டு, உள்பக்கத்து ஹூக்கில் மாட்டிக்கொள்வேன். பிறகு ஊர்வலம் தொடங்கும்.

அந்த நாட்களில்தான் ஒரு பெண் தன் தங்கை ஜாக்கெட்டை அளவுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். நாங்கள் புது ஜாக்கெட் தைக்கப் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்கு வாங்கி வைத்துக்கொள்வோம். "ரெண்டு பேரும் ஒரே சைஸ்தான்க்கா" என்றாள். நான் அவளை நிற்க வைத்து ஒரு பாட்டம் திட்டினேன். கூடப் பிறந்தவளாக இருந்தால் தோளும் கூடவே பிறந்து வருமா, உன் அளவுக்கு உன் ஜாக்கெட்டைக் கொண்டுவா, இல்லாவிட்டால் நான் துணியில் கத்திரி வைக்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். என் தொழிலில் நான் அவ்வளவு கறார். அன்று காலையில்தான் வாட்ச் கத்தக் கத்த நடந்துவிட்டு, இடது பக்கம் திரும்பிப் படுக்கக்கூடப் பயந்துகொண்டிருந்த ஆள் நான்.

தை மாதம் குரூப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து கிலோமீட்டர் ஓட்டம் வைக்கிறார்கள். குரூப்புக்குள்ளேயே நடக்கிற சின்ன ஓட்டம்தான், முடிப்பவர்களுக்கு ஒரு மெடல். எனக்கு அதில் ஓட வேண்டும் என்று வந்த ஆசையைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கென்று நான் எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை. மெடலுக்காக இல்லை. அந்தச் செருப்பு டப்டப்பென்று தாண்டிப் போகிறதே, அதை ஒரு நாளாவது நான் தாண்டிப் போக வேண்டும். அதோடு, என் இதயம் அப்பாவினுடையதா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

"இந்த ஹார்ட்ட வச்சிக்கிட்டா?" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

அப்போதுதான் குரூப்பில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். லாஸ்பேட்டையில் ஒரு கிளினிக்கில் வேலை. அவளும் நீண்ட தூரம் ஓடுகிறவள். பத்து கிலோமீட்டர் ஓடப் பேர் கொடுக்க நினைப்பவர்கள் வரும் ஞாயிறு வந்தால் ஒவ்வொருவருக்கும் ஜோன் பார்த்துச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாள். நான் அவருக்குத் தெரியாமல் அவளுக்குத் தனியாக, நானும் வரலாமா என்று கேட்டேன். "கண்டிப்பா வாங்கக்கா" என்று பதில் வந்தது.

ஞாயிறு காலை அவர் எழுவதற்கு முன்பே பட்டையையும் வாட்சையும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் என்னைப் பெண்கள் நின்ற பக்கம் ஓரமாக அழைத்துப் போய், பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று முதுகுப் பக்கம் கைவைத்துப் பார்த்தாள். கை நின்றது.

"அக்கா, இத யாரு தெச்சது?"

"நான்தான்."

"சூப்பரா இருக்கு. ஹூக்கு ஏன் ரெண்டு?"

"வெளில இருக்கறது அவருக்கு. இது எனக்கு."

"ஓ, ரெண்டு பேரும் ஒரே செட்டா? அப்ப வாட்ச்ல உங்க நம்பர் எதுக்கா?"

நான் வாயைத் திறந்தேன். பிறகு குனிந்து வாட்சைப் பார்த்தேன். உங்கள் நம்பர் எது என்று அந்தப் பெண் கேட்கும்வரை எனக்கென்று ஒரு நம்பர் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. பட்டைக்கு இரண்டு ஹூக் வைத்த கை இது. தங்கை ஜாக்கெட்டைக் கொண்டுவந்தவளை வாசலோடு விரட்டிய வாய் இது. அவர் வயதையும் அவர் ஆண் உடம்பையும் வைத்துப் போட்ட கணக்கை என் நெஞ்சில் மாட்டிக்கொண்டு, பொருந்தவில்லை, பொருந்தவில்லை, என் உடம்பில்தான் கோளாறு என்று மாதக்கணக்கில் நடந்திருக்கிறேன். அந்தப் பெண் முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவரு நம்பர்தான்" என்றேன்.

அவள் திட்டவில்லை. வாட்சைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள். "நீங்க இதப் பாக்கவே வேணாம். நான் பாத்துக்கறேன். நீங்க பேசிக்கிட்டே ஓடுங்க. முழு வாக்கியமா பேசணும், அவ்ளோதான்."

"பேசலாமா?"

"பேசணும்க்கா. அதான் டெஸ்ட்டே. வாக்கியம் உடையாம முழுசா வர்ற வரைக்கும் ரெண்டாவது ஜோன். ரெண்டு ரெண்டு வார்த்தையா உடைய ஆரம்பிச்சா தாண்டிட்டீங்கன்னு அர்த்தம்."

எதைப் பேசுவது என்று தெரியவில்லை. ஜாக்கெட் எப்படி வெட்டுவது என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். காந்தி சிலையிலிருந்து வடக்கே ஓடிக்கொண்டே துணியை மடிப்பதிலிருந்து ஆரம்பித்து, தோளுக்கு எவ்வளவு விடுவது, கழுத்தை ஏன் முதலில் வெட்டக் கூடாது, கை இறுக்கமாக இருந்தால் கையில் கைவைக்காமல் அக்குளில் எப்படிச் சரிசெய்வது என்று கோர்வையாகச் சொல்லிக்கொண்டு போனேன். எத்தனையோ நாள் அடைத்து வைத்திருந்த வாய் திறந்துகொண்டது. புடவை அம்மாக்கள் இரண்டு பேரைத் தாண்டினேன். "இன்னும் கொஞ்சம் வேகமா போலாம்க்கா" என்றாள். போனேன். முதுகுப் பக்கத்து நாடாவுக்கு வந்தபோதுதான் வாக்கியம் உடைந்தது. அவள் வாட்சைக் காட்டினாள். நூற்று ஐம்பத்தெட்டு.

"இதுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் உங்களுக்கு ஈசிதான். உங்க ஹார்ட்டு நல்ல ஹார்ட்டுக்கா. சும்மா வேகமா அடிக்கிற டைப்பு. ஃபார்முலா எல்லாம் ஒரு சராசரி, ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும். அடுத்த வாரம் அரை மணி நேரம் வேகமா ஓட வச்சி இன்னும் சரியா பாத்துடலாம்."

நல்ல ஹார்ட்டு. அந்த இடத்திலேயே அழுதேன். அப்பாவை நினைத்தா, என்னை நினைத்தா என்று தெரியவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

திரும்பி வந்தபோது என்னைத் தேடி வந்து இவர் நின்றுகொண்டிருந்தார், குரூப்பில் பாதிப்பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் நடந்ததைச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். பேங்க்காரர் இவர் முதுகில் தட்டி, "நீங்களும் ஒரு ரவுண்டு பேசிக் காட்டுங்க" என்றார். வேண்டாம் என்றார் இவர். விடவில்லை. பட்டையை வாங்கி ஓரத்து ஹூக்கில் மாட்டிக்கொண்டு, தினமும் லேசான ஓட்டம் என்று அவர் ஓடுகிற வேகத்தில் ஓட ஆரம்பித்தார். அந்தப் பெண் பக்கத்தில் ஓடினாள். "அண்ணா, உங்க கம்பெனியப் பத்திச் சொல்லுங்க" என்றாள். நாங்கள் கொஞ்சம் பின்னால் போனோம்.

"எங்க... கம்பெனில... மூணு... ஷிப்ட்டு..."

அதற்கு மேல் வரவில்லை. யாரோ லேசாகச் சிரித்தார்கள். நான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்தது மட்டுமில்லை. "பேசாம வாங்க! பேசினா ஏறும்!" என்று பீச் ரோடே கேட்கக் கத்தினேன்.

குரூப் முழுக்க வெடித்துச் சிரித்தது. கைத்தடிப் பெரியவர்கூட நின்று சிரித்தார். இவர் நின்றுவிட்டார். முட்டியில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றார். மூச்சு வாங்குகிறது என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும், அவர் முகத்தைத் தூக்க முடியாமல் நிற்கிறார் என்று. அந்தப் பெண் நிலைமையைச் சரிசெய்ய நினைத்து, "அண்ணா, உங்க ஃபார்முலா உங்களுக்குக் கரெக்டாத்தான் இருக்கு. நூத்தி இருபதைத் தாண்டினதுமே பேச்சு உடைஞ்சுது, அதுதான் உங்க ஈசியோட எல்லை. நீங்க அதுல ஓடல, அதான் நீங்க குரூப்ல எழுதின மாதிரி ரெண்டு வருஷமா ஓடற டைம் குறையல" என்றாள். அவருக்கு வைத்த அளவு அவருக்குச் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அவர் அதைப் போட்டுக்கொண்டதே இல்லை. போட்டுக்கொண்டு திரிந்தவள் நான்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, வாட்சை எடுத்து உட்கார்ந்தார். என் பிறந்த தேதியைக் கேட்டார். அதைப் போட்டார், பெண் என்று மாற்றினார், பிசியோ சொன்ன எல்லையைப் போட்டார். பட்டையையும் அதோடு சேர்த்து என் மிஷின் மேல் வைத்தார். "இனிமே நீயே வச்சிக்க" என்றார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஜெயித்த மிதப்பு இன்னும் இறங்கவில்லை எனக்கு. "சரி" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் பீச் ரோட்டுக்கு வரவில்லை. ஷிப்ட் மாற்றிவிட்டார்கள் என்றார். நான் தனியாகப் போனேன். அரை மணி டெஸ்ட் ஓடினேன், ஜோன் சரியாயிற்று, நீலத்தில் ஓடினேன், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓடினேன். உடம்பு இறகு மாதிரி இருந்தது. ஆனால் குரூப்பில் யாராவது வேடிக்கைக்கு "பேசாம வாங்க!" என்று கத்திச் சிரிப்பார்கள். அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். வாட்ஸ்அப்பில் என் படத்தைப் போட்டபோது என் உடம்பு எப்படிக் கூசியது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், அவர் செய்ததைவிட மோசமாக. அவர் பயத்தில் செய்தார். நான் சந்தோஷத்தில் செய்தேன்.

மாசி ஞாயிறு வந்தது. எனக்கு முன்பே எழுந்து, ஷிப்ட் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் டிபன் பாக்ஸ் அலமாரியிலேயே இருந்தது. நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி கதவைச் சாத்தினேன். பத்து கிலோமீட்டரும் ஓடினேன். முதல் பாதி நீலத்தில், பிறகு பச்சையில், கடைசியில் வாக்கியமெல்லாம் உடைந்து நொறுங்க ஓடி முடித்தேன். இதயம் தன் வேலையைத் திமிராகச் செய்தது. கழுத்தில் மெடலைப் போட்டார்கள். "அண்ணன் எங்கக்கா?" என்று கேட்டார்கள். "ஷிப்ட்டு" என்று நானும் சொன்னேன்.

ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பும்போது பெரிய வாய்க்கால் ஓரமாக வந்தேன். முன்னால் ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தார். நடையுமில்லை, ஓட்டமுமில்லை, அந்த நடை எனக்கு நன்றாகத் தெரியும், அதை நடந்தவள் நான். பழைய கம்பெனி பனியன். கையில் வாட்ச் இல்லை. வாட்ச்தான் என்னிடம் இருக்கிறதே. நான் எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் போனேன். அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனார்.

"எங்க கம்பெனியில மூணு ஷிப்ட்டு. மொத ஷிப்ட்டு காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சி ரெண்டு மணிக்கு முடியும், அதுல நாப்பது பேரு வேல செய்றாங்க."

உடையாமல் வந்தது. முடித்துவிட்டுக் கொஞ்சம் வேகம் கூட்டினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "எங்க கம்பெனியில மூணு ஷிப்ட்டு..." யாருமில்லாத வாய்க்கால் ஓரத்தில், அன்றைக்கு என் முன்னால் முடிக்க முடியாமல் போன அந்த ஒரு வாக்கியத்தை அவர் முடித்து முடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாகச் செய்கிறாரோ தெரியாது. அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மெடலைக் கழற்றி டிக்கியில் போட்டேன். டிக்கி மூடிய சத்தத்தில் அவர் திரும்பிப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

"முடிச்சிட்டியா?" என்றார்.

தலையை ஆட்டினேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் பக்கத்தில் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா, பேசாம வர்ற?"

குத்திக் காட்டுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றுமில்லை. அவருக்கு நான் பேசுவது கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தேன். நடக்கத்தான் செய்கிறேன். வாட்ச் நீலத்துக்கும் கீழே, சாம்பலில் இருந்தது. ஆனால் ஒரு வாக்கியம் முழுசாக வரவில்லை.

"அன்னிக்கு... நான்... எல்லார் முன்னாலயும்..."

அவர் நடையைக் குறைத்தார். ஸ்கூட்டரின் மறுபக்கம் வந்து ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளினார்.

"மெதுவா சொல்லு" என்றார்.